அரைக் கிணற்றுப் பங்காளிக்கு

மோட்டார் ரூம் கதவைத் திறந்தால் இன்னும் அந்த நெடி அடிக்கிறது, பங்காளி. அழுகின பழமும் இல்லை, பெயிண்டும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் ஒரு இனிப்பு நெடி. போன வாரம் ஒரு காலையில் உள்ளே போனபோது மூக்கில் ஏறியது, இன்னும் போகவில்லை. பல்லியோ எலியோ செத்துக் கிடக்கிறது என்று மூலை முடுக்கெல்லாம் விளக்குமாற்றை விட்டுத் துழாவினேன். கடைசியில் பார்த்தால் உங்கள் கம்ப்யூட்டர். உலை பொங்கி மூடியைத் தள்ளுகிற மாதிரி, எழுத்துக் கட்டைகள் இருக்கிற பலகை மேலே எழும்பி நின்றது. உள்ளே இருந்த பேட்டரி உப்பிவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். அது அன்றைக்குப் பேசவில்லை.

அதிலிருந்து உங்களிடம் பேச வேண்டும் போல இருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். போனில் மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தவர் நீங்கள்தான். அமுக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன். இதைத் திருத்தி ஒழுங்குபண்ணித் தருகிறேன் என்று புதுக்கோட்டையில் ஒரு பெண் சொல்லியிருக்கிறது. அது யார் என்பது பின்னால் வரும்.

நீங்கள் முதல் முதலாக இந்தக் கடலைக் கொல்லைக்கு வந்த நாள் எனக்கு நேற்று மாதிரி. என் சித்தப்பா மகன் அவன் பாகத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். பாகத்தோடு கிணற்றில் பாதியும் மோட்டாரில் பாதியும் போனது. வாங்கினவர் ஆவூர்ப் பக்கத்துக்காரர், வேதக்காரர், வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர் என்று ஆலங்குடி டீக்கடையில் சொன்னார்கள். வெள்ளைச் சட்டையும் தலையில் தொப்பியுமாக வரப்பில் நடக்கத் தெரியாமல் நடந்து வந்தீர்கள். வயதில் என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த கொல்லை வேற்றாளுக்குப் போய்விட்டதே என்று எனக்கு உள்ளே ஒரு கடுப்பு.

"கெணத்துல பாதி ஒங்களுதுன்னா, இனிமே நீங்கதான் எனக்குப் பங்காளி" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "அப்ப பங்காளிச் சண்டையும் உண்டுங்களா?"

"அது இல்லாமயா?"

அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைசிவரைக்கும் நீங்களும் என்னைப் பங்காளி, நானும் உங்களைப் பங்காளி. ஊரில் புதிதாகக் கேட்கிறவர்கள், இவர் கழுத்தில் ஜெபமாலை, அவர் நெற்றியில் திருநீறு, இது எந்த வகையில் பங்காளி என்று முழிப்பார்கள். கிணற்று வகையில் என்று சொல்வேன்.

சண்டையும் சொன்னபடி வந்தது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், ரெண்டு கொல்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து நாள் முறை. இன்றைக்கு நான் பாய்ச்சினால் நாளைக்கு நீங்கள். ஆனால் த்ரீ பேஸ் கரண்ட் நாள் பார்த்தா வருகிறது? என் நாளில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நின்று ஓடும். உங்கள் நாளில் கண்ணைக் காட்டிவிட்டுப் போய்விடும். உங்கள் தென்னங்கன்றுகள் குருத்துச் சுருண்டு நின்றன. மறுநாள் என் முறையில் பாதி கேட்டீர்கள். "நாள் முறைன்னா நாள் முறைதான், பங்காளி. கரண்ட் வரலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?" என்றேன். நீங்கள் தொப்பியைக் கழற்றி உதறி மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். கோபம் வந்தால் தொப்பியை உதறுவீர்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு வந்தீர்கள். சாக்குக்குள் ஒரு பழைய லேப்டாப், கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு குழாய் ஸ்பீக்கர், ஒரு கத்தை வயர். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். திரை முழுக்கக் கறுப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்து.

"சினிமா கினிமா வராதுங்களா இதுல?"

"வராது. இது வேலைக்காரப் பொட்டி."

"என்னத்த இம்புட்டு எழுதுறீங்க?"

"ஷெல் ஸ்கிரிப்ட்டுன்னு பேரு. பெருசா ஒண்ணும் இல்ல பங்காளி. தன் ஒடம்புல என்ன நடக்குதுன்னு இந்தப் பொட்டிக்கே தெரியும். பேட்டரி எம்புட்டு இருக்கு, சூடு எம்புட்டு, சார்ஜர்ல கரண்ட் வருதா, எல்லாத்தையும் உள்ளுக்குள்ள ஒரு ஓரமா எழுதி எழுதி வச்சுக்கும். யாரும் கேக்க மாட்டாங்க. நான் போய்க் கேட்டு, அது சொல்றதுக்குத் தக்கன இதச் செய், அதச் செய்யுன்னு வரிசையா எழுதி வைக்கிறேன். அம்புட்டுதான்."

த்ரீ பேஸ் வந்தால் மட்டும் உயிர் வருகிற வயரில் சார்ஜரைச் செருகினீர்கள். கரண்ட் வந்தால் பெட்டிக்குத் தெரியும். கரண்ட் போனாலும் பேட்டரியில் முழித்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை கரண்ட் வந்து போனால் ஒருவர் முறை, அடுத்த தடவை வந்தால் அடுத்தவர் முறை. ஒரு விசில் அடித்தால் எனக்கு, ரெண்டு விசில் அடித்தால் உங்களுக்கு. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். ஆனாலும் குழாய் ஸ்பீக்கர் விசில் கொல்லை முழுக்கக் கேட்டது. கரண்ட் வந்ததா வந்ததா என்று நடையாய் நடந்து பார்க்கிற வேலை நின்றது. அந்த மட்டுக்கும் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த வருசம் கடலைச் செடி விழுது விட்டு மண்ணுக்குள் இறங்குகிற நேரம், தண்ணீர் தவறக் கூடாது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. என் முறை. மடையைத் திருப்பிவிட்டுப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. மோட்டார் நிற்கவே இல்லை. அப்போது அடிக்கிறது ரெண்டு விசில்.

எனக்கு வந்ததே ஆத்திரம். மண்வெட்டியும் கையுமாக உங்கள் கொல்லை வீட்டு வாசலில் வந்து நின்று, "என்ன பங்காளி, பொட்டி வச்சுத் தண்ணி திருடுறீங்களா?" என்று கத்தினேன். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, ஒரு கன்னத்தில் பாதி மழித்த தாடி, அப்படியே ஓடி வந்தீர்கள். மோட்டார் ரூமில் உட்கார்ந்து கறுப்புத் திரையில் என்னவோ தட்டினீர்கள். ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தீர்கள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தீர்கள் பாருங்கள், நுரையெல்லாம் சட்டையில் கொட்டியது.

"தப்பு எம்மேலதான் பங்காளி. பேட்டரி ஏறுதான்னு கேட்டு எழுதிப்புட்டேன். ஏறுனா கரண்ட் இருக்கு, ஏறலைன்னா கரண்ட் இல்லைன்னு. இப்ப பேட்டரி நெறஞ்சு போச்சு. நெறஞ்சா எப்புடி ஏறும்? கரண்ட் போயிருச்சுன்னு நெனச்சுக்கிருச்சு. அப்பறம் லேசாக் கொறஞ்சு திரும்ப ஏற ஆரம்பிச்சதும், ஆகா கரண்ட் மறுபடி வந்துருச்சுன்னு எனக்கு விசில் அடிச்சிருச்சு."

"அதாவது, வயிறு நெறஞ்சவன் எலையில கை வைக்கலைன்னா, வீட்லயே சோறு இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"அதேதான்! அதேதான் பங்காளி!" தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். "இருபது வருசமா இதத்தான் பொழப்பாப் பாத்தேன். ஒருத்தனும் எனக்கு இப்புடி வெளங்க வைக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சார்ஜர்ல கரண்ட் இருக்கான்னு சார்ஜர்கிட்டயே கேக்கலாம்ல? பேட்டரிகிட்ட எதுக்குப் போனீங்க?"

"கேக்கலாம். அதுக்குன்னு தனியா எழுதி வச்சிருக்கு. இங்கிட்டு வாங்க, ஒங்களுக்கே காட்டுறேன்."

பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். திரையில் ஒரே ஒரு எழுத்து. ஒன்று. பிளக்கைப் பிடுங்கச் சொன்னீர்கள். பிடுங்கினேன். சைபர். செருகினேன். ஒன்று. ஒன்றும் சைபரும் எனக்குத் தெரிந்ததுதான், பஸ் நம்பரிலும் நோட்டிலும் பார்த்துப் பழகினது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதையும் என்னால் படிக்க முடிகிறது என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய அதிசயம். பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். "போதும் பங்காளி, பிளக்கு கழண்டுரும்" என்று நீங்கள் கையைப் பிடிக்கிற வரைக்கும்.

அன்றைக்கே மாற்றி எழுதினீர்கள். விசில் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு. கரண்ட் இருக்கிற நேரத்தை மட்டும் கூட்டி, ஆளுக்கு மூன்று மணி. நடுவில் போனால் எங்கே விட்டதோ அங்கேயிருந்து. எங்கள் அப்பா காலத்து நாள் முறை அத்தோடு போனது. அதற்காக நான் ஒரு சொல் வருத்தப்படவில்லை.

விசிலுக்குப் பதிலாகக் குரல் வைக்கலாம் என்று சொன்னதும் நீங்கள்தான். என் முறையை நீங்கள் கூப்பிட வேண்டும், உங்கள் முறையை நான் கூப்பிட வேண்டும். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து முதலில் நீங்கள் பேசினீர்கள். சாதாரணமாக, எதிரே நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி: "பங்காளி, கரண்ட் வந்துருச்சு. ஒங்க முறை. செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க." அதற்கு முன் வாரம்தான் நான் காரை முள் ஏறி நொண்டிக்கொண்டிருந்தேன்.

என் பக்கம் போனை நீட்டியதும் எனக்கு வேர்த்துவிட்டது. மாட்டைக் கூப்பிடுகிற தொண்டையில் கத்தினேன்: "யோவ் பங்காளீ! ஒம் முறைய்யா! வாய்யா வெரசா!"

"நேர்ல வாங்க போங்கன்னு பேசுறீங்க, மைக்கப் பாத்ததும் வாய்யாவா?"

"மைக்குக்கு எதுக்குங்க மரியாதை?"

திருப்பிப் பதிய வைக்கலாம் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டீர்கள். "இதுதான் நல்லாருக்கு. இப்புடிக் கூப்புட ஆள் இல்லாமத்தான் நான் இங்க வந்தேன்."

அந்தப் பேச்சை நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குத்தான் அது பிறகு பிறகு ஞாபகம் வரும். உங்கள் வீட்டம்மா போய்ச் சேர்ந்து, மகள் கோயம்புத்தூரில் குடும்பமாக இருக்க, நீங்கள் ஒற்றை ஆள். என் மனைவி போய், மகன் சிங்கப்பூரில் இருக்க, நான் ஒற்றை ஆள். ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. தண்ணீர் பாய்கிற நேரத்தில் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்போம். என் முறை என்றாலும் நீங்கள் வருவீர்கள், உங்கள் முறை என்றாலும் நான் வருவேன். அப்புறம் எதற்கு ரெண்டு குரல் என்று ஒரு நாள் கேட்டேன். "யாரு கால்ல சேறாகணும்னு தெரிய வேணாமா?" என்றீர்கள்.

வெளிநாட்டில் உங்கள் வேலை என்ன என்று ஒரு மத்தியானம் கேட்டேன். பெரிய அறை, பீரோ பீரோவாகக் கம்ப்யூட்டர், மார்கழிக் குளிர் மாதிரிக் குளிர வைத்திருப்பார்கள் என்றீர்கள். "அத்தனைக்கும் சூடு பாக்குறது, காத்தாடி சுத்துதான்னு பாக்குறது. நேர்ல போய்ப் பாக்க முடியுங்களா? அதான் ஸ்கிரிப்ட் எழுதி வைக்கிறது. ஏதாவது ஒண்ணு சூடானா அது எனக்குச் சொல்லும். காலையில போனா சாயந்தரம் வரைக்கும் மனுசக் குரல் கிடையாது. காத்தாடி எரைச்சல் மட்டுந்தான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். நெருப்பாக் கொதிக்குது. அம்புட்டுப் பொட்டிக்கும் சூடு தெரிஞ்சவன், நம்ம சூட்ட யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

தூக்குவாளியில் இருந்த கஞ்சியை உங்கள் பக்கம் தள்ளினேன். ஊறுகாய் இல்லையா என்று கேட்டீர்கள்.

நீங்கள் போனதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தெம்பில்லை. ஈஸ்டருக்கு ஆவூர்ப் பக்கம் உங்கள் ஊருக்குப் போனீர்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். உங்கள் மகள் போன் பண்ணிச் சொன்னது. நான் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடப் போகிற நேரம். கல்லறையில் எல்லோரும் போட்டதைப் பார்த்து நானும் ஒரு கை மண் போட்டேன். என்ன சொல்லிப் போட வேண்டும் என்று தெரியவில்லை. உங்கள் ஆட்கள் என்னவோ சொன்னார்கள், எனக்கு வாயில் வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கொல்லைக்குத் திரும்பினேன். வேலிப் படலைத் தாண்டவில்லை, கரண்ட் வந்தது. குழாய் ஸ்பீக்கர் கத்துகிறது: "யோவ் பங்காளீ! ஒம் முறைய்யா! வாய்யா வெரசா!"

என் குரல்தான். யார் வருவார் என்று அது கூப்பிடுகிறது? சட்டையைக்கூட மாற்றாமல் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கி, மடையை உங்கள் பக்கம் திருப்பினேன். தென்னைகள் ஒவ்வொன்றாக நனைந்தன. என் காலில் சேறானது.

அதிலிருந்து உங்கள் முறையும் நான்தான் பார்த்தேன். உங்கள் மகள் துக்கம் கழித்து வந்தபோது, "பெரியப்பா, வாங்குற ஆள் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்கங்க, எங்களால வந்து போக முடியலை" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாவம், அதற்குப் பிள்ளை குட்டி, வேலை எல்லாம் அங்கே. டீக்கடையில்தான் கிண்டல். "என்ன பெரியவரே, செத்த ஆளக் கூப்புட்டுக்கிட்டே இருக்கீங்களாம்ல? கொல்லைப் பக்கம் போக ஆடு மேய்க்கிறவன் பயப்படுறான்" என்பார்கள். "அவரு வந்தா ஒங்களுக்கும் டீ சொல்லச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வருவேன். சொல்லிவிடலாம். வரப்பில் தனியாக நடந்து வருகிறபோது அந்தப் பேச்சு கூடவே வரும்.

பிறகு வாங்குகிற ஆள் வந்தார். அறந்தாங்கிப் பக்கம், துபாயில் சம்பாதித்தவர், தங்கமான மனுசன். வந்ததும் போர்வெல் போட்டுவிட்டார். சொட்டு நீர்க் குழாய் இழுத்துவிட்டார். உங்கள் தென்னைகள் நன்றாக இருக்கின்றன, பாளை விட்டிருக்கின்றன, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். ஒரு நாள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஐயா, கெணத்துப் பங்கு எனக்குத் தேவைப்படாது. பத்திரத்துல இருக்கு, இருந்துட்டுப் போகுது. தண்ணி முழுசையும் நீங்களே எடுத்துக்கங்க" என்றார்.

ஊரே எனக்கு யோகம் என்றது. அப்பா காலத்திலிருந்து அரைக் கிணறாக இருந்தது முழுக் கிணறாகிவிட்டது. அன்றைக்குக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது?

உங்கள் குரல் என்னைக் கூப்பிட்டது. மூன்று மணி முடிந்தால் என் குரல் உங்களைக் கூப்பிட்டது. பாய்ச்சுவதற்கு உங்கள் கொல்லை இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு நிற்பேன். என்ன செய்வது என்று தெரியாமல் சில நாள் என் கடலைக்கே திருப்பிவிடுவேன். திருப்பினால் உள்ளுக்குள் என்னவோ செய்யும். அடுத்தவர் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி. இப்படியே பல மாசம் போனது. அப்புறம்தான் போன வாரம் பேட்டரி உப்பினது.

பெட்டியை அதே உரச்சாக்கில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஆலங்குடி பஸ்ஸில் புதுக்கோட்டை போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரி நாற்பது வயதுக்குள் இருக்கும். சாக்கைத் திறந்ததும் அது போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"ஐயா! இத மடியில வச்சுக்கிட்டா பஸ்ல வந்தீங்க? வெடிச்சிருந்தா?"

"வெடிக்கலையேம்மா."

"வெடிக்கலையேவா! நல்ல ஆளு போங்க." முனகிக்கொண்டே பேட்டரியைப் பக்குவமாகக் கழற்றி மணல் வாளியில் போட்டது. பெட்டி இனித் தேறாது, ஆனால் உள்ளே எழுதி வைக்கிற தட்டு நன்றாக இருக்கிறது, அதைக் கழற்றி வேறு பழைய பெட்டியில் மாட்டித் தருகிறேன் என்றது. மாட்டியது. திரை வந்தது. பிளக்கைச் செருகியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசவில்லை. பிடுங்கிச் செருகியது. பேசவில்லை. இனிமேல் உங்கள் குரல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பெண் நீங்கள் எழுதியதைத் திறந்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தது. "எனக்கும் படிச்சுச் சொல்லும்மா" என்றேன். இத்தனை வருசம் உங்கள் கையெழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை.

"சார்ஜர்ல கரண்ட் இருக்கான்னு பாரு. ஒண்ணு இருந்தா யாரு முறைன்னு பாரு. அவங்களக் கூப்புடு. நேரத்தக் கூட்டு. ஒண்ணு இல்லைன்னா சும்மா இரு. கொஞ்ச நேரம் தூங்கு. எந்திரிச்சு மறுபடி பாரு. இதான் ஐயா, சுத்திச் சுத்தி இதேதான்."

"அப்ப ஏம்மா பேச மாட்டேங்குது?"

"ஒவ்வொரு பொட்டியும் அதோட சார்ஜருக்கு ஒவ்வொரு பேரு வச்சிருக்கும். இவரு அந்தப் பழைய பொட்டி வச்ச பேர எழுதியிருக்காரு. இந்தப் பொட்டியில அந்தப் பேருல யாரும் இல்ல. இல்லாத ஆளப் போய்ப் பாத்துட்டு, ஒண்ணு இல்ல, ஒண்ணு இல்லைன்னு திரும்பி வந்து தூங்குது. மறுபடி எந்திரிச்சுப் போய்ப் பாக்குது. நான் மாட்டுனதுலருந்து இதத்தான் செய்யுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண் அதைக் கவனிக்கவில்லை, பேரை மாற்றிக்கொண்டிருந்தது. மாற்றிவிட்டுப் பிளக்கைச் செருகியது.

"பங்காளி, கரண்ட் வந்துருச்சு. ஒங்க முறை. செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க."

கடைக்கு வந்திருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெண் என்னைப் பார்த்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது.

குடித்துவிட்டுக் கேட்டேன். "அவரு எழுதுனதுல வேற ஏதாச்சும் இருக்காம்மா? எனக்குன்னு, ஒரு வார்த்தை?"

மேலிருந்து கீழே வரைக்கும் இன்னொரு தடவை பார்த்தது. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இல்லைங்க ஐயா. வேலை மட்டுந்தான் இருக்கு."

சரிதான். நீங்கள் அப்படித்தான்.

பிறகுதான் அந்தப் பெண் கேட்டது. "இதுல ரெண்டு பேரு முறை இருக்கே. இப்ப நீங்க மட்டுந்தான? அந்த ரெண்டாவது ஆளத் தூக்கிட்டா ஸ்கிரிப்ட் பாதியாயிரும். கரண்ட் வந்தா ஒங்களக் கூப்புடும், போனா விட்டுரும். ஈசியா முடிஞ்சிரும். எடுத்துரவா?"

நான் யோசித்தேன் பங்காளி. அந்தப் பெண் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. உங்கள் கொல்லை இன்னொருவருடையது. பாய்ச்ச ஒன்றுமில்லை. என் தொண்டை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருவரும் வராமல் போவதும் எனக்குப் போதும். ஆனால் முறையை எடுத்துவிட்டால், அந்தக் கிணற்றில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் முறை என் கடலைக்குள் போய்க் கலந்துவிடும். ஒரு மாசத்தில் எனக்கே பழகிவிடும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எடுக்க வேணாம்மா. அவரு முறை இருக்கட்டும். ஆனா கூப்புட வேணாம். அந்த எங் கொரல மட்டும் எடுத்துரு."

"எடுத்துட்டு? அந்த மூணு மணி நேரம் என்ன செய்யணும்னு எழுத?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருக்கட்டும். கெணறு ஊறட்டும்."

"கடலைக்குத் தண்ணி பத்துங்களா?"

"பத்தலைன்னா கடலையக் கொறச்சுப் போடுறேன். எனக்கு எதுக்கு அம்புட்டு?"

பெண் என் குரல் இருந்த வரியை அழித்தது. அழித்த இடத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னது: "அப்புடியே காலியா விட முடியாதுங்கய்யா. விட்டா இதுக்குப் புரியாது, தப்புன்னு சொல்லிட்டு மொத்தமா நின்னுரும். ஒண்ணும் செய்யாதன்னாலும் அத எழுதித்தான் சொல்லணும்."

"அதுக்கு நிறைய எழுதணுமா?"

"இல்ல. மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி. அம்புட்டுதான். இந்தா பாருங்க."

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. அந்த வரியில் வேறு ஒன்றுமே இல்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக ரெண்டு புள்ளி. இங்கே ஒரு ஆள் இருக்கிறார், அவர் நேரத்தில் எதையும் செய்யாதே, அவ்வளவையும் அந்த ரெண்டு புள்ளி சொல்லிவிடும் என்றது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெட்டியைச் சாக்கில் வைக்கும்முன் இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

கோளாறு வந்தால் போன் பண்ணச் சொல்லி நம்பரைப் போனில் பதிந்து கொடுத்தது. கிளம்பும்போது, யாருக்காவது ஏதாவது எழுத வேண்டும் என்றால் பேசி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன் என்று சொன்னதும் அதுதான். அதனால்தான் இது.

நேற்று வெயில் ஏறுகிற நேரத்தில் என் மூன்று மணி முடிந்தது, போனில் மணி பார்த்துக்கொண்டேன். மோட்டாரை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்த் திரும்ப வந்தது. ஸ்டார்ட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, குழாய் ஸ்பீக்கர் பேசவில்லை. உள்ளே பெட்டி உங்கள் வரிக்கு வந்து நின்றிருக்கும். நான் மண்வெட்டியைக் கழுவிச் சாத்திவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். மடையைத் தொடவில்லை. பக்கத்துக் கொல்லையில் துபாய்க்காரர் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கிணற்றுக்குள் ஊற்றுக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குகிற சத்தம் மெல்லக் கேட்டது. மோட்டார் ஓடுகிறபோது அது காதில் விழாது. கண்ணெதிரே, சுவரில் ஈரம் காயாத கல் ஒவ்வொன்றாக மூழ்க, மேலே ஏறியது தண்ணீர்.

உங்கள் முறை முடிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பங்காளி. அந்தப் புள்ளி ரெண்டையும் மட்டும் எங்கே பார்த்தாலும் படித்துவிடுவேன்.